பின்னறையில் பூட்டிய முடி

கடை வாசலில் தொங்கிய பலகையில் 'தையல் மெஷின் பழுது பார்க்கப்படும்' என்று எழுதியிருந்தது. அது முழுப் பொய் அல்ல. முன்னறையில் உட்கார்ந்திருந்த மெஷின்காரர் எண்ணெய் போடுவார், ஊசி மாற்றுவார், வாய் ஓயாமல் பேசுவார். ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் வருமானத்தில் அல்ல. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு கனத்த கதவு இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் மனைவி டோப்பா செய்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

டோப்பா என்றதும் நாடகத்தில் ராஜா வேஷக்காரன் மாட்டிக்கொள்ளும் சமாச்சாரத்தை நினைக்க வேண்டாம். அக்காவிடம் வருகிறவர் தலையில் முதலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவார். அதன்மேல் டேப்பை வரிசையாக ஒட்டுவார். நெற்றி எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்க வேண்டும் என்று மார்க்கரால் கோடு போடுவார். கழற்றினால் அந்தத் தலையின் அச்சு கையில் இருக்கும். அதை வைத்து வலை தைத்து, வலையின் ஒவ்வொரு கண்ணிலும் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவார். நரை வேண்டியவருக்கு நரையும் சேர்ப்பார். மாதம் ஒருமுறை வந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, பசை போட்டு ஒட்டியும் விடுவார். அச்சின்மேல் பெயர் எழுதும் வழக்கமில்லை. மண்டையைப் பார்த்தாலே அவருக்கு ஆளைத் தெரியும்.

'டோப்பா கடை' என்று பலகை போட்டால் எவர் உள்ளே வருவார்? அதனால்தான் தையல் மெஷின். வருகிறவர்கள் மெஷின்காரர் சாப்பிடப் போகும் மத்தியான நேரமாகப் பார்த்து, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, மெஷின் பாகம் எதையோ சரிபார்க்க வந்தவர்கள் போல நுழைவார்கள். உள்ளே ஒருவருக்கொருவர் எதிர்ப்பட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அது தானாக வந்த மரியாதை. காய்கறிக் கடையில் தன் பக்கத்திலேயே வாடிக்கையாளர் வந்து நின்றாலும் அக்கா தக்காளியைத்தான் பார்ப்பார். யார் யார் வருகிறார்கள் என்பதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. புருஷனிடம் முக்கியமாகச் சொன்னதில்லை, அவர் வாய் அப்படிப்பட்டது.

காசு கொடுப்பதில்தான் தகராறு வந்தது. வங்கி வழியாகக் கொடுத்தால் கணக்கில் வரி வரியாக நிற்கும். ஒரு கல்லூரி ஆசிரியர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். மாதாமாதம் இந்தக் கடைக்கு ஏன் பணம் போகிறது, நம் வீட்டில்தான் தையல் மெஷினே இல்லையே என்று அவர் மனைவி பிடித்துக்கொண்டார். மனிதர் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாராம். அப்போது அக்காவின் நாத்தனார்தான் டிஜிட்டல் நாணயத்தைப் பற்றிச் சொன்னார். அவர் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறவர், அண்ணிமேல் உயிர்.

டிஜிட்டல் நாணயத்திலும் ஒரு கூத்து இருந்தது. அதில் ஆள் பெயர் கிடையாது, முகவரி என்று ஒரு நீளமான எண்தான். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது உலகம் பூராவும் பார்க்கும்படி பதிவாகி நிற்கும். முகவரி இன்னாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் அந்த ஆளின் வரவு செலவெல்லாம் சந்தி சிரிக்கும். வங்கியிலாவது மனைவி மட்டும்தான் பார்ப்பார். இதற்கு மருந்தாக யாரோ ஒரு புரோகிராமர் ஒரு மென்பொருள் எழுதி, இலவசமாக வெளியிட்டிருந்தார். பல பேர் போடும் நாணயங்களை அது ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, அவரவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்கும். எது யாருடையது என்று வெளியே தெரியாது. நாத்தனார் அதற்கு அண்டா என்று பேர் வைத்தார். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அண்டா வழியாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். அக்கா வருமானத்துக்கு ஒழுங்காக வரியும் கட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆணையர் தொலைக்காட்சியில் தோன்றும்வரை. நிதிக் கண்காணிப்புத் துறையின் ஆணையர் அவர். அண்டாவுக்குத் தடை விதித்திருப்பதாகவும், அதை எழுதிய புரோகிராமரைக் கைது செய்துவிட்டதாகவும், அதைத் தொட்டவர்கள் ஒருவரையும் விடப் போவதில்லை என்றும் அறிவித்தார். திருடர்கள் அதைப் பயன்படுத்தினார்களாம். பயன்படுத்தியிருப்பார்கள், செருப்பைக்கூடத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே துறையின் கண்ணெதிரே கப்பல் கப்பலாகப் பணத்தைக் கடத்தியவர்கள் கூசாமல் விமானம் ஏறிப் போனார்கள். அப்போதெல்லாம் துறை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. இப்போது பூட்டு செய்தவரைப் பிடித்துப் போட்டுவிட்டுப் பெரிதாக வெட்டி முறித்ததாகத் தம்பட்டம் அடித்தது. மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை என்று ஆணையர் வாய் கிழியப் பேசினார். பேசும்போது நெற்றியில் விழுந்த முடியை அழகாக ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

அந்த முடி அக்கா முடிச்சுப் போட்டது. மூன்று வருஷமாக அந்த மண்டைக்கு அவர்தான் முடி கட்டுகிறார். அதற்கான காசு அண்டா வழியாகத்தான் வந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் தன் கடையும் அண்டாவைத் தொட்டதுதானே என்று உறைத்தது. மெஷின்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னமாப் பேசறாரு பாரு, முடியும் எவ்வளவு அடர்த்தி" என்று வியந்தார். அக்கா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

இரண்டே வாரத்தில் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் கண்ணாடி போட்ட இளம் அதிகாரி. அவருக்கு எல்லாம் பாடப்புத்தகத்தில் படித்தபடியே அமைந்திருந்தது. முன்னால் தையல் மெஷின் பலகை, பின்னால் பூட்டிய கதவு, தையல் மெஷின் கடைக்கு ஒத்துவராத வருமானம், அதுவும் அண்டா வழியாக. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் இடத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில் வழிந்தது. பின்னறையில் வரிசையாக இருந்த தலை அச்சுகளைக் கண்டு ஒரு கணம் மிரண்டார். இது முடி சார், டோப்பா செய்கிறேன் என்று அக்கா எடுத்துச் சொன்னார். சொல்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள் என்று அவர் எழுதிக்கொண்டார். வங்கிக் கணக்கை முடக்கினார்கள், பின்னறைக் கதவுக்கு அரக்கு வைத்து சீல் வைத்தார்கள். மெஷின்காரரின் முன்னறையை மட்டும் விட்டுவைத்தார்கள். அவர் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்கா பார்த்திராத அதிசயம் அது.

சீல் வைப்பதற்கு முன்னால் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். மேஜைமேல் ஒரு டோப்பா இருந்தது, வலை கிழிந்து பழுதுக்கு வந்தது. அது ஒரு டீச்சருடையது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா, உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்றார். இளம் அதிகாரி பேனா முனையால் அதைத் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவது போல. பிறகு, சாட்சிப் பொருள், எடுக்கக் கூடாது என்று அங்கேயே போட்டார்.

அந்த டீச்சர் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர். ஏதோ ஒரு நோயில் தலைமுடி, புருவம் எல்லாம் கொட்டிப்போய்விட்டது. வீட்டுக்காரருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், வேறு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இரண்டு நாளில் பழுது பார்த்துத் தருவதாக அக்கா சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாளுக்கு டீச்சர் லீவு போட்டிருந்தார். இப்போது முடி அரக்குக்குப் பின்னால் கிடந்தது. டீச்சர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார், லீவு நீண்டுகொண்டே போனது. புதிதாக இன்னொன்று செய்யலாம் என்றால் அவர் தலை அச்சும் முடியும் ஊசியும் பசையும் எல்லாமே உள்ளே. வாங்கலாம் என்றால் முடங்கிய கணக்கிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.

அக்கா துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். நீள மேஜை, நடுவில் ஆணையர், பக்கத்தில் இளம் அதிகாரி. எதிரே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. இளம் அதிகாரி விஷயத்தை எளிதாகத்தான் முடித்தார். வந்த பணம் டோப்பாவுக்குத்தான் என்றால் வாங்கியவர்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். எல்லாரும்கூட வேண்டாம், ஒரே ஒருவர் வந்து ஆமாம், நான் வாங்கினேன் என்று சொன்னால் போதும், சீலை எடுத்துவிடலாம். சொல்கிறவர் பெயர் விதிப்படி துறையின் இணையதளத்தில் வெளியாகும்.

அக்கா ஆணையரைப் பார்த்தார். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருவர் போதுமாம், அந்த ஒருவர் மூன்றடி தூரத்தில் சாட்சியைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதே சமயம் தொழில் புத்தி, இடது நெற்றி ஓரத்தில் வலை தூக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தது. சீல் வைத்ததிலிருந்து இவருக்கும் யாரும் சுத்தம் செய்து ஒட்டிவிடவில்லை அல்லவா. தன் ஆணையால் தன் தலையிலேயே கைவைத்துக்கொண்ட மேதை.

ஆணையர் தொண்டையைக் கனைத்தார். "பேர் சொல்றீங்களா இல்லையாம்மா?"

"சொல்றதில்லைங்க. யார் பேரையும் சொல்றதில்லை."

அந்தப் பதிலைக் கேட்டதும் ஆணையரின் தோள் இறங்கியதை அக்கா பார்த்தார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும், இந்தப் பொம்பளை வாயைத் திறக்க மாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் நேர்மையைப் பிடித்துக்கொண்டே அக்காவின் பிழைப்பைக் கெடுக்க அவருக்குக் கொஞ்சமும் கூசவில்லை. ஒத்துழைக்க மறுத்ததால் சீல் தொடரும் என்று ஆணையிட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் டீச்சர் தலையில் துணியோடு கடைக்கு வந்தார். முன்னறையில் யாரோ பழைய மெஷினோடு நின்றதால் அவர்கள் போகும்வரை தெரு ஓரத்திலேயே காத்திருந்தார். விசாரணையில் நடந்ததை அக்கா போனில் சொல்லியிருந்தார். உள்ளே வந்ததும் தான் போய்ச் சாட்சி சொல்வதாக டீச்சர் சொன்னார். வருகிற திங்கட்கிழமை வேலையில் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடுவதாகப் பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்துவிட்டார்களாம். சாட்சி சொன்னால் முடி கிடைக்கும், ஊருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும் என்று சொல்லும்போதே தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க எதுக்கு டீச்சர் சொல்லணும்? தப்புப் பண்ணவங்களா நீங்க? போங்க, வீட்டுக்குப் போங்க. திங்கட்கிழமைக்குள்ள நான் ஏதாவது பண்றேன்."

ஏதாவது பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டாரே தவிர என்ன பண்ணுவது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி, யார் பெயரையும் சொல்லாமல், புருஷனிடம் பொரிந்து தள்ளினார். மெஷின்காரர் சீலை உடைத்துவிடலாமா என்று ஸ்குரூ டிரைவரைக் காட்டினார். உடைத்தால் மூன்று வருஷம் ஜெயில் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். நாத்தனார் தன் பங்குக்கு மனு எழுதிக் கொடுத்தார். அந்த மனு எந்த மேஜையில் உறங்கியதோ தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்த நேரம். மெஷின்காரர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார், ஒரு தூக்கம் போட்டு எழுந்துதான் வருவார். ஒரு பெரிய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆணையர் கடைக்குள் வந்தார். கையில் காலிப் பை ஒன்று வைத்திருந்தார், பழைய வழக்கத்தை மறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். அக்கா சாத்தினார். பாதிக் கதவு கண்ணாடி, சாத்தினாலும் தெருவுக்குத் தெரியும்.

தொப்பியைக் கழற்றியதும் அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. ஓரம் தூக்கிக்கொண்டதைத் தாங்க முடியாமல் மனிதர் தானே ஒட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். செருப்பு தைக்கிறவர்கள் போடும் பசை. அது காய்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பொருக்குத் தட்டி, டோப்பா ஒரு பக்கம் கோணிக்கொண்டு காதைத் தொட்டது. நெற்றி சிவந்து புண்ணாகியிருந்தது. கோடி கோடியான கணக்குகளைத் தோண்டித் துருவும் துறையின் தலைவருக்கு எந்தப் பசையை எதில் போடுவது என்று யோசிக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் கூட்டம், தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவார்கள், இவர்தான் பேச வேண்டும். எப்படியாவது சரிசெய்து விடுங்கள் என்றார். விசாரணையில் கேட்ட குரலே இல்லை அது.

அக்கா வெந்நீர் வைத்து, துணியை நனைத்து, எண்ணெய் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பசையைக் கரைத்தார். புண்ணில் படாமல் பொறுமையாகத்தான் எடுத்தார். டோப்பா முழுசாகக் கையில் வந்தது. அதைத் தையல் மெஷின்மேல் விரித்து வைத்துவிட்டு, ஆணையருக்கு ஒரு துண்டு கொடுத்தார். அவர் அவசரமாகத் தலையில் போட்டுக்கொண்டார்.

"சரி, ஒட்டிடுங்க."

"எதை வச்சு ஒட்டறது? உங்களுக்குப் போடற பசை, புண்ணுக்குத் தடவற மருந்து, உங்க அச்சு எல்லாம் அங்க இருக்கு." அக்கா பின்னறைக் கதவைக் காட்டினார். அரக்கு பளபளத்தது.

இதைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், சொல்லியிருக்கலாம்தான். அக்காவுக்கு அப்போது அது தோன்றாமல் போனதாக அவரே பிறகு நாத்தனாரிடம் சொன்னார். நாத்தனார் நம்பவில்லை.

ஆணையர் திருதிருவென்று விழித்தார். சீலைப் பிய்த்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறதே சார், நான் படித்தவள் இல்லை, எழுதியிருப்பதைத்தான் நம்புவேன் என்று அக்கா சொன்னார். நாளைக்கு ஆளனுப்பி எடுத்துவிடுகிறேன் என்றார். அப்படியானால் முடியும் நாளைக்குத்தான் என்றார் அக்கா. வைத்தவர்கள் வந்து எடுத்தால்தான் செல்லும். அந்த வைத்தவர்களோ ஆணையரைத் தினமும் குனிந்து வணங்கும் அவருடைய ஆட்கள். அவர்களைக் கூப்பிட்டால் இந்தக் கோலத்தில் பார்ப்பார்கள். கூப்பிடாவிட்டால் சாயங்காலம் நாடே பார்க்கும். மனிதர் முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தார். வேண்டும் என்று அக்கா மனசுக்குள் சொன்னார், நன்றாக வேண்டும்.

கடைசியில் போனை எடுத்தார். அரை மணியில் இளம் அதிகாரி இரண்டு பேரோடு ஓடி வந்தார். உள்ளே துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தவரைக் கண்டு சட்டென்று நின்றார். மெஷின்மேல் விரித்திருந்த முடியைப் பார்த்தார், மறுபடி துண்டைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏதோ புரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, சம்பளம் வாங்குகிறவர்.

அரக்கைச் சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் இளம் அதிகாரி படிவத்தை நீட்டித் தயங்கி நின்றார். சீல் எடுத்ததற்குக் காரணம் எழுத வேண்டும், காரணம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்பது ஆணையரே போட்ட விதி.

"சார், காரணம்னு என்ன போடட்டும்?"

"எதையாவது எழுதுய்யா. போ."

அவர்கள் போனார்கள். தெருவில் இறங்கியதும் அவர்களில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் குலுங்கியது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கணக்கு இன்னும் முடங்கித்தான் கிடந்தது. அண்டாவை எழுதிய புரோகிராமர் இன்னும் சிறையில்தான் இருந்தார். அவருக்கு விடுதலை வாங்கித் தரும் மண்டை அந்தத் துண்டுக்கு அடியில் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் கதவு திறந்துவிட்டது.

அக்கா உள்ளே போய் விளக்கைப் போட்டார். நாள்பட்ட தூசி. டீச்சரின் முடி போட்ட இடத்திலேயே கிடந்தது. அதை எடுத்து உதறி, மடியில் வைத்துக்கொண்டு போன் செய்தார். உடனே கிளம்பி வாருங்கள் டீச்சர், நீங்கள் வருவதற்குள் தைத்து வைத்துவிடுவேன் என்றார். கொக்கி ஊசியைத் தேடி எடுத்தார்.

ஆணையர் எழுந்து பின்னறைக்குள் வரப் பார்த்தார். அக்கா வாசலில் கையை வைத்து மறித்தார்.

"உக்காருங்க சார். டீச்சருக்கு மொதல்ல. அவங்க ரொம்ப நாளாக் காத்திருக்காங்க."

நேரமாகிறது என்றார், கார் வந்துவிடும் என்றார், நான் யார் தெரியுமா என்றுகூட ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்ததும் அதைப் பாதியில் விழுங்கினார். அப்புறம் மெஷின்காரரின் முக்காலியில், கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். அவர் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார், தலைத்துணியோடு, மூச்சு வாங்க. கதவைத் தள்ளி நுழைந்ததும் முக்காலியில் துண்டு போட்ட ஓர் ஆள் சுருண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யார் என்று டீச்சர் பார்க்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் தன்னைக் கண்டு கூசிவிடக் கூடாதே என்று காலோசை கேட்காமல் அவரைக் கடந்து பின்னறைக்குள் போனார்.